மூட்டைக்கு நாலு யூனிட்: வட ஐரோப்பிய நாட்குறிப்பு

ஞாயிறு, ஆல்போர்க்

கோபன்ஹேகனில் காலையில் ரயிலேறி, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி ஆல்போர்க் வந்து சேர்ந்தேன். டென்மார்க்கின் வடக்கு முனையை நெருங்கிய ஊர். லிம்ஃபியோர்டு என்ற கடல்நீர்க் கால்வாய் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. பெட்டியை அறையில் வைத்துவிட்டு நேராக ஊருக்குக் கிழக்கே, சிமென்ட் ஆலையிருக்கும் ரோர்டால் பக்கம் பஸ் பிடித்தேன்.

அரியலூர் மாவட்டத்துச் சிமென்ட் ஆலையொன்றில் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எங்கள் ஆலைக் கட்டுப்பாட்டு அறையில் தினமும் காலையில் முதலில் பார்க்கும் எண், ஒரு டன் சிமென்டுக்கு எத்தனை யூனிட் கரண்ட் போனது என்பது. கிட்டத்தட்ட 80 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன்னுக்கு இருபது மூட்டை, ஆக ஒரு மூட்டைக்கு நாலு யூனிட். வீட்டுச் சீலிங் ஃபேனை இரண்டு நாளுக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டலாம். தமிழ்நாட்டில் 2016இல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று அறிவித்த 100 யூனிட்டை இதோடு ஒப்பிட்டால் இருபத்தைந்து மூட்டை.

உலக சராசரி 100 யூனிட்டை ஒட்டி வருகிறது. ஐரோப்பா அதற்கும் கொஞ்சம் மேலே. இந்தியா 75, 80 என்று கீழே நிற்கிறது. "நாமதான் உலகத்துலயே பெஸ்ட்" என்று மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெருமையில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஆலைக்குள் போக எனக்கு அனுமதி கிடையாது. வெளியிலிருந்தே பார்த்தேன். இங்கே தோண்டுவது நம் ஊர்ப் பாறைச் சுண்ணாம்புக்கல் கிடையாது. கையில் எடுத்தால் விரலில் ஒட்டும் வெள்ளைச் சாக்கட்டிப் படிவு. நகத்தால் கீறினால் பொடி உதிர்கிறது. இப்படிப்பட்ட கல்லை அரைக்க மில்லுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் அதில் தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. குழம்பாக்கித்தான் பதப்படுத்த வேண்டியிருக்கிறது, அந்தத் தண்ணீரை ஆவியாக்க எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. அரைப்பதில் மிச்சப்பட்டது சூளையில் போகிறது. நம் அரியலூர்க் கல் உலர்ந்த கல், அதை உலர்முறைச் சூளையில் சுட்டுவிடலாம். இந்த வித்தியாசத்தில் எந்த மேனேஜருக்கும் பங்கு இல்லை. கடல் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் போட்டுவிட்டுப் போன படிவு தீர்மானித்தது.

இன்னொன்று, ஆல்போர்க் வெள்ளைச் சிமென்டுக்குப் பேர்போன இடம். வெள்ளைச் சிமென்டில் இரும்பு இருக்கக் கூடாது. இரும்பு இல்லாவிட்டால் கல் எளிதில் இளகாது, சூளை இன்னும் சூடாக வேண்டும். பிறகு அரைப்பதும் நைசாக அரைக்க வேண்டும். ஆக, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் மூட்டையையும் இந்த வெள்ளைச் சிமென்டையும் ஒரே பட்டியலில் வைத்து எந்த நாடு சிக்கனம் என்று கேட்பது நியாயமில்லை.

திங்கள், ஆல்போர்க்

காலையில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவரிடம் ஆலையைப் பற்றிக் கேட்டதும் சுவரோரம் இருந்த ரேடியேட்டரைக் கைகாட்டினார். சூளையில் வீணாகும் வெப்பத்தைத் தண்ணீரில் ஏற்றி, குழாய் வழியாக நகரத்துக்கு அனுப்புகிறார்கள். பல்லாயிரம் வீடுகள் குளிர்காலத்தில் அதில்தான் சூடாகின்றன.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நமக்கு வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை, அதனால் அதே வெப்பத்தை நீராவியாக்கி டர்பைன் சுற்றி மின்சாரம் எடுக்கிறோம். ஜப்பான்காரர்கள் எண்பதுகளிலேயே இதைச் செய்துகாட்டினார்கள், பிறகு சீனா பெரும்பாலான சூளைகளில் கட்டிப்போட்டது. ஒரு டன் கிளிங்கருக்கு, அதாவது சூளையில் சுட்டு எடுக்கும், அரைத்தால் சிமென்டாகும் கட்டிகளுக்கு, 20 முதல் 30 யூனிட் வரை கிடைக்கும், ஆலைக்கு வேண்டிய கரண்டில் கால் பங்கு வரை. இந்தியாவில் இன்னும் கட்டாத ஆலைகள் இருக்கின்றன என்பதை நினைத்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

டென்மார்க்கின் கரண்டில் பாதிக்கு மேல் காற்றாலையிலிருந்து வருகிறது. ஆனாலும் இந்த நாட்டில் ஒரே இடத்திலிருந்து அதிகமாகக் கரியமில வாயு வெளிவருவது இந்தச் சிமென்ட் ஆலையிலிருந்துதான். மாலையில் திரும்ப ரயில்.

செவ்வாய்

முழு நாளும் பயணம். கடல் பாலம் தாண்டி சுவீடனுக்குள் நுழைந்து, ஸ்மோலாந்து காடுகள். எழுத ஒன்றுமில்லை. நாளை கண்ணாடி.

புதன், கோஸ்தா

சுண்ணாம்புக்கல், மணல், களிமண் ஆகிய இவற்றைச் சுட்டு எடுக்கும் தொழில்கள் எல்லாவற்றையும் கணக்குப் புத்தகத்தில் ஒரே தலைப்பில்தான் போடுகிறார்கள்: சிமென்ட், சுண்ணாம்பு, கண்ணாடி, ஓடு, டைல்ஸ், செங்கல். நாடு நாடாக இந்தத் தலைப்பின் கீழ் மின்சாரப் பயன்பாட்டை வரிசைப்படுத்துவார்கள். கண்ணாடி அதிகம் செய்யும் நாட்டுக்கு ஒரு கணக்கு, சிமென்ட் அதிகம் செய்யும் நாட்டுக்கு வேறு கணக்கு என்பது அந்த அட்டவணையில் தெரியாது.

கோஸ்தாவில் 1742 முதல் கண்ணாடி ஊதுகிறார்கள். பார்வையாளர்கள் நின்று பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள், நானும் போய் நின்றேன். நீண்ட குழாயின் நுனியில் ஆரஞ்சு நிற உருண்டை. ஊதுபவர் குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார், ஒரு நொடி நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் ஈரமான மரக்கரண்டியால் அதை அணைத்துக் கொடுக்கிறார். மரம் பட்டதும் புகை. அரை நிமிடத்துக்குள் நிறம் மங்குகிறது, மறுபடியும் அடுப்புவாய்க்குள் நீட்டுகிறார். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை.

கண்ணாடியில் எலெக்ட்ரிகல்காரனுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆறிய கண்ணாடி கரண்டைக் கடத்தாது. அதனால்தான் கம்பத்தில் இன்சுலேட்டராக மாட்டுகிறோம். அதே கண்ணாடி உருகிவிட்டால் கடத்தும். உருகிய குழம்புக்குள் மாலிப்டினம் எலெக்ட்ரோடைச் செருகிக் கரண்டைப் பாய்ச்சினால் கண்ணாடியே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். சுடர் மேலிருந்து சுடுவதைவிட வெப்பம் வீணாவது குறைவு. சிறிய உலைகளை முழுக்க இப்படியே ஓட்ட முடியும். ஸ்ரீபெரும்புதூரில் ஓடுவது மாதிரி, தட்டைக் கண்ணாடி செய்யும் பெரிய ஃப்ளோட் உலைக்கு எரிவாயுவோ எண்ணெயோ பிரதானம், கரண்ட் கைகொடுக்கும். அந்த உலைகளை ஒருமுறை மூட்டினால் பதினைந்து வருஷம் அணைப்பதே இல்லை. அதனால் எரிபொருளை மாற்றும் முடிவையும் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் எடுக்க முடியும்.

அந்தக் காலத்தில் இங்கே விறகு. இரவில் வேலை முடிந்ததும் அடுப்பின் சூட்டில் ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் சுட்டுச் சாப்பிடுவார்களாம். வழிப்போக்கர்கள், வீடில்லாதவர்கள் எல்லாம் குளிருக்கு ஒதுங்கி அங்கேயே படுத்துக்கொள்வார்கள். இப்போதும் அந்த விருந்தைச் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடுகிறார்கள். மீன் நன்றாக உப்புப்பிடித்திருந்தது.

2022இல் ஐரோப்பாவில் கரண்டும் கேஸும் விலை எகிறியபோது இந்தப் பக்கத்துச் சின்னப் பட்டறைகள் திணறிப்போயின. உலை அணைந்தால் தொழில் போச்சு, அணையாமல் வைத்திருந்தால் பில் கட்ட முடியாது.

வியாழன், விஸ்பி

ஓஸ்கார்ஸ்ஹாம் துறைமுகத்திலிருந்து கப்பலில் கோத்லாந்து தீவு. பால்டிக் கடலின் நடுவில் சுண்ணாம்புக்கல்லாலேயே ஆன தீவு இது. 43 கோடி வருஷத்துக்கு முந்தைய பவளத்திட்டு. நம் அரியலூர்க் கடல் கிரெட்டேசியஸ் காலத்தது, சுமார் 10 கோடி வருஷம். அதைவிட இது நாலு மடங்கு மூத்தது. விஸ்பி நகரைச் சுற்றி நிற்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர் முழுவதும் இந்தக் கல்தான். 1995இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சுவரைச் சுற்றி நடந்துவிட்டு, நகருக்குத் தெற்கே இக்னே என்ற இடத்துக்குப் போனேன். பார்க்கப் பெரிதாக எதுவுமில்லை. சுற்றுலாக் கையேட்டில் அந்தப் பெயரே இருக்காது. எனக்கு இது கோயில் மாதிரி.

1954இல் உலகத்திலேயே முதன்முறையாக வணிகரீதியில் உயர் அழுத்த நேர்மின்சாரம், அதாவது எச்.வி.டி.சி., கடலடிக் கேபிள் வழியாக வந்து சேர்ந்தது இங்கேதான். சுவீடன் கரையில் வெஸ்டர்விக்கிலிருந்து 98 கிலோமீட்டர், 100 கிலோவோல்ட், 20 மெகாவாட். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பாதரசச் சுடர் வால்வுகளை வைத்து இதைச் சாத்தியமாக்கியவர் ஆசெயா (ASEA) என்ற சுவீடன் மின்கருவி நிறுவனத்தின் ஊனோ லாம். கடலுக்கடியில் அவ்வளவு தூரத்துக்கு மாறுமின்சாரத்தை அனுப்பினால் கேபிளே கரண்டைக் குடித்துவிடும், நேர்மின்சாரத்தில் அந்தத் தொல்லை இல்லை. பிறகு 1999இல் தீவின் தென்கோடிக் காற்றாலைகளிலிருந்து விஸ்பிக்கு 70 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் இன்னொரு புது வகை நேர்மின் கேபிள் போட்டார்கள். அதுவும் வணிகரீதியில் அந்த வகையில் முதல்.

தமிழ்நாட்டில் புகளூர் என்ற பெயரில் பிரம்மாண்டமான நேர்மின் நிலையம் ஒன்று நிற்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் அங்கே இறங்குகிறது. அங்கிருந்து திருச்சூருக்குப் போகும் 2,000 மெகாவாட் தடம் 1999இன் அந்தப் புது வகையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் முன்னோடி இந்தத் தீவு. இக்னேயில் வேலிக்கு வெளியே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளி, ஸ்லீத்தே

விஸ்பியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்லீத்தே வந்துவிடும். சின்ன மீன்பிடி ஊர், நடுவில் மலை மாதிரி சிமென்ட் ஆலை. அரைத்த கல்லைச் சூளைக்குள் விடுமுன் சூடாக்கும் ப்ரீஹீட்டர் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததும் வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு நிம்மதி. சுவீடனுக்கு வேண்டிய சிமென்டில் முக்கால் பங்கு இந்த ஓர் ஆலையிலிருந்து போகிறது. தீவிலேயே அதிகமாகக் கரண்ட் எடுப்பதும் இதுதான்.

2021 ஜூலையில் நிலத்தடி நீருக்கு ஆபத்து என்று நீதிமன்றம் இதன் குவாரி அனுமதியை மறுத்துவிட்டது. நாடே பதறிப்போனது. அரசாங்கம் தனிச்சட்டம் போட்டு அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீருக்காக ஊர்க்காரர்கள் பயப்பட்டதில் தப்பே இல்லை. குவாரியை ஒட்டிய கிராமங்களில் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பயம் புரியும்.

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, சிமென்ட்ல கரண்ட் எங்கதான் போகுது? சூளைதானே முக்கியம்?" நல்ல கேள்வி. சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும், ஆனால் அதைத் தருவது நிலக்கரி அல்லது பெட்கோக் எனும் பெட்ரோலியக் கரி. கரண்டில் பாதிக்கு மேல் அரைப்பதிலேயே போய்விடும். கல்லை அரைக்கணும், நிலக்கரியை அரைக்கணும், கடைசியில் கிளிங்கரை ஜிப்சத்தோடு அரைக்கணும். மிச்சத்தில் பெரும்பகுதி சூளைப் புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன் மாதிரியான பெரிய ஃபேன்களுக்கு. பழைய பால் (ball) மில்லில் இரும்புக் குண்டுகள் உருண்டு உருண்டு அடிப்பதில் போகும் சக்தியில் சில சதவீதம்தான் உண்மையில் கல்லை உடைக்கிறது. மிச்சமெல்லாம் சூடும் சத்தமும். உருளைகள் அழுத்தி நசுக்கும் வி.ஆர்.எம். வந்ததும் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமானது. இந்திய ஆலைகளில் பெரும்பகுதி கடந்த முப்பது வருஷத்தில் கட்டியவை, அதனால் புது மில்கள். ஐரோப்பாவில் தாத்தா காலத்து பால் மில்கள் இன்னும் ஓடுகின்றன. அதோடு நாம் அனல்மின் நிலையச் சாம்பலைக் கலக்கிறோம். மேட்டூர்ச் சாம்பல் ஏற்கெனவே பவுடர், அதைச் சுடவும் வேண்டாம், பெரிதாக அரைக்கவும் வேண்டாம். நம் எண் தாழ்ந்திருப்பதற்குப் பின்னால் நிலக்கரி எரிந்த சாம்பலும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் ஸ்லீத்தேயில் என்னைக் கட்டிப்போட்டது வேறு. 2017இல் ஆலையும் வாட்டன்ஃபால் மின் நிறுவனமும் சேர்ந்து, சூளையையே கரண்டில் ஓட்டினால் என்ன என்று ஆராய ஆரம்பித்தார்கள். கரண்டால் உண்டாக்கும் பிளாஸ்மாச் சுடர். 2019இல் வந்த முடிவு: தொழில்நுட்பரீதியாக முடியும். சிமென்டின் உற்பத்திச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், ஆனால் அதைக் கொண்டு கட்டும் வீட்டின் விலை சில சதவீதம்தான் ஏறும்.

அறைக்கு வந்து தாளில் கணக்குப் போட்டேன். நல்ல உலர்முறைச் சூளையில் ஒரு டன் கிளிங்கருக்கு 3.2 கிகாஜூல் வெப்பம். அதை யூனிட்டாக்கினால் ஏறத்தாழ 890. நம் ஊர்க் கலவையில் கிளிங்கர் 70 சதவீதம் என்று வைத்தால், அரைக்கும் செலவையும் சேர்த்து, மூட்டைக்கு நாலு யூனிட் என்பது 35 யூனிட் ஆகிவிடும்.

இப்போது இதை இந்தியாவில் செய்தால்? நம் கரண்டில் முக்கால் பங்கை ஒட்டி நிலக்கரி. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. 890 யூனிட்டுக்கு 620 கிலோவுக்கு மேல். அதே வெப்பத்துக்கு நிலக்கரியை நேரடியாகச் சூளையில் எரித்தால் 300 கிலோதான். கரண்டில் ஓட்டினால் புகை இரண்டு மடங்கு! சுவீடனில் நீர்மின்சாரம், அணு, காற்று, அதனால் அங்கே அந்தப் புகை ஏறக்குறைய இல்லாமலே போகும். சூளை ஒன்று, கல் ஒன்று, கேபிளின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

அதனால் டன்னுக்கு எத்தனை யூனிட் என்று வரிசைப்படுத்தும் பட்டியலை இனி நான் நம்பப்போவதில்லை. நாளைக்கு சுவீடனின் எண் பல மடங்கு ஏறலாம். அப்போது அவர்களைப் பார்த்து வீண்செலவுக்காரர்கள் என்று சொன்னால் அது பெரிய அநியாயம்.

சனி, ஃபோரே

கப்பலில் ஐந்து, பத்து நிமிடத்தில் பக்கத்துத் தீவு. கடற்கரையில் ரௌக் எனப்படும் சுண்ணாம்புத் தூண்கள் நிற்கின்றன. இளகிய பாகத்தை அலை தின்றுவிட, கெட்டியான பவளம் மட்டும் மிஞ்சியது. தொட்டுப் பார்த்தால் நத்தையும் பவளமும் கையில் தட்டுப்படுகின்றன. நல்ல வெயில், நாள் முழுக்க நடந்தேன்.

திங்கள், ஓஸ்லோ

இரவு யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வீட்டில் தங்கல். புட்டும் மீன் குழம்பும். நான் சிமென்ட் பார்க்க வந்தேன் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலதான் எங்கட அப்பா வேலை செய்தவர். தொண்ணூறாம் ஆண்டு சண்டையோட நிண்டது, நிண்டதுதான்."

1950இல் தொடங்கிய ஆலை அது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், குடிக்கும் தண்ணீரும் அந்தக் கல்லுக்குள்தான் தேங்கியிருக்கிறது. "திரும்பத் திறக்கோணும் எண்டு கொஞ்சப் பேர் சொல்லினம், தண்ணி போயிடும் எண்டு கொஞ்சப் பேர் சொல்லினம். நான் என்னத்தைச் சொல்ல" என்றார். ஸ்லீத்தே வழக்கைச் சொன்னேன். நெடுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

செவ்வாய், ப்ரேவிக்

ஓஸ்லோவிலிருந்து ரயிலில் போர்ஸ்குருன், அங்கிருந்து பஸ். ஃபியோர்டின் ஓரம் வெள்ளை மர வீடுகள், பின்னால் ஆலை. இங்கே கல்லையே சுரங்கத்துக்குள் போய்த்தான் எடுக்கிறார்கள்.

சூளையைக் கரண்டுக்கு மாற்றினாலும் பாதிப் பிரச்சினை தீராது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே கல்லுக்குள்ளிருக்கும் கரியமில வாயு வெளியே வரும். ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்கு மேல். எரிபொருள் என்னவாக இருந்தாலும் அது வந்தே தீரும். அதைப் பிடிக்கும் ஆலைதான் ப்ரேவிக். 2025 ஜூனில் திறந்தார்கள், ஆண்டுக்கு 4 லட்சம் டன், ஆலையின் மொத்தப் புகையில் பாதி. சிமென்ட் தொழிலில் இந்த அளவில் இதுவே முதல்.

புகையை அமீன் என்ற ரசாயனக் கரைசலில் கழுவினால் கரியமில வாயு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரைசலைச் சூடாக்கினால் வாயு பிரிந்து வரும். அந்தச் சூட்டுக்கு ஆலையின் வீண்வெப்பத்தையே எடுக்கிறார்கள், அந்த வெப்பம் பாதிப் புகைக்குத்தான் போதும். பிரிந்த வாயுவை அமுக்கித் திரவமாக்கக் கம்ப்ரசர்களுக்குக் கரண்ட் வேண்டும். பிறகு கப்பலில் மேற்குக் கரைக்குப் போய், குழாய் வழியாகக் கடலடித் தரைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் இறங்குகிறது. ஸ்லீத்தேயிலும் இதே மாதிரி ஆண்டுக்கு 18 லட்சம் டன் பிடிக்கத் திட்டம் போட்டார்கள். அதற்கு இப்போது எடுக்கும் கரண்ட் காணாது, தீவுக்குப் புதுக் கடலடிக் கேபிள் போட்டாக வேண்டும்.

நார்வேயில் இதையெல்லாம் செய்யத் துணிவு வருவதற்குக் காரணம் அருவிகள். இந்த நாட்டுக் கரண்டில் பத்தில் ஒன்பது பங்கு நீர்மின்சாரம். இதை நகலெடுத்து அரியலூரில் நாளைக்கே வைக்க முடியாது. நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், வெயிலும் ஆடிக்காற்றும்.

சூளையை நிறுத்த முடியாது, மில்லை நிறுத்தலாம். எங்கள் ஆலையில் மாலை ஆறு மணி ஆனாலே "பீக் அவர், மில்லை நிறுத்து" என்று குரல் வரும். பீக் அவரில் கரண்டுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். ராத்திரி பத்துக்கு மேல் மறுபடியும் ஓட்டுவோம், இரவில் தள்ளுபடி உண்டு. இந்த வழக்கம் நிலக்கரிக் கரண்ட் காலத்தது. இப்போது கரண்ட் மலிந்து கிடப்பது நடுப்பகலில், சோலார் கொட்டும்போது. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் வெயில் நேரத்துக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்கின்றன. அரைப்பதை உச்சி வெயிலுக்கு மாற்றினால் டன்னுக்கு 80 யூனிட் 80ஆகவே இருக்கும், ஆனால் அந்த 80க்குப் பின்னால் புகை குறையும்.

ஒரே ஷிஃப்டில் முழு நாளுக்கு வேண்டியதை அரைக்க மில்லுக்குத் திறன் வேண்டும், கிளிங்கர் கொட்டிவைக்கக் கிடங்கும் சிமென்ட் சைலோவும் பெரிதாக வேண்டும். எங்கள் பழைய ஆலையில் இரண்டாவது மில் பாதி நாள் சும்மாதான் நிற்கும். இன்னும் அங்கே வேலையிலிருக்கும் நண்பனுக்கு ப்ரேவிக் பஸ் நிறுத்தத்திலிருந்தே மெசேஜ் போட்டிருக்கிறேன்: போன மார்ச் மாதத்து மில் ஓடிய நேரங்களையும் சைலோ அளவையும் எடுத்து அனுப்பு, ஊருக்கு வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.